கராஜில் குண்டு வார்ப்பவரின் இரத்தத்தில் காரீயம்

கேள்வி: அமெரிக்காவின் டெக்சாஸில் வசிக்கிறேன். வயது 41. ரைஃபிள் சுடுதல் என் பொழுதுபோக்கு. வீட்டை ஒட்டிய கராஜில் காரீயத்தை உருக்கிக் குண்டு வார்ப்பதும், சுட்ட பித்தளை உறைகளைச் சுத்தம் செய்து தோட்டாக்களை மீண்டும் நிரப்புவதும் சில ஆண்டுகளாக வழக்கம். நானாகக் கேட்டுச் செய்துகொண்ட பரிசோதனையில் இரத்தத்தில் காரீயம் 18 என்று வந்திருக்கிறது. ஜன்னலில் வெளியேற்று விசிறி வைத்தும் இப்படி ஏன்? அவ்வப்போது மலச்சிக்கல் உண்டு. காரீயத்தை வெளியேற்ற மாத்திரை வேண்டுமா? வீட்டில் இரண்டு வயது மகள் இருக்கிறாள். அடுத்த குழந்தைக்கும் முயன்று வருகிறோம்.

பதில்: மாத்திரை வேண்டாம். ஆனால் உங்களுக்கு அடுத்தபடியாக யாருக்குப் பரிசோதனை தேவை என்பதை நீங்கள் கேட்கவில்லை; உங்கள் மகளுக்கும் மனைவிக்கும் இந்த வாரமே இரத்தத்தில் காரீய அளவைப் பாருங்கள்.

ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 18 மைக்ரோகிராம் என்பது உடனடி ஆபத்தைக் காட்டும் அளவல்ல. எனினும் பல ஆண்டுகள் நீடித்தால் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடிய அளவுதான். காரீயத்தைப் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்துகளுக்கும் பக்கவிளைவுகள் உண்டு என்பதால், பெரியவர்களுக்கு அவற்றை இதைவிடப் பல மடங்கு உயர்ந்த அளவிலோ, தெளிவான நச்சுக்குறிகள் தென்படும்போதோதான் கொடுக்கிறோம். காரீயத்தால் வரும் வயிற்றுவலியும் மலச்சிக்கலும் பொதுவாக மிக உயர்ந்த அளவுகளில் காணப்படுபவை. ஆகவே உங்கள் மலச்சிக்கல் முழுவதையும் காரீயத்தின் தலையில் கட்ட மாட்டேன். இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி விசிறிக்கு வருகிறேன். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. வார்ப்புக்குத் தேவையான, அதைவிடச் சற்றே கூடுதலான வெப்பத்தில் அதிலிருந்து எழும் ஆவி மிகக் குறைவு. வெப்பம் 500-ஐ நெருங்கும்போதுதான் ஆவி பெரிய கவலையாகிறது. விசிறி தேவைதான், ஆனால் அது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பானையின் புகையை உங்கள் முகத்தின் வழியாகவே இழுத்துச் செல்லும். அதைவிட முக்கியம், உங்கள் உடலுக்குள் சென்ற காரீயத்தின் பெரும்பகுதி தூசியாகவே சென்றிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. உருகிய காரீயத்தின் மேல் மிதக்கும், நீங்கள் வழித்தெடுக்கும் கசடு மாவைப் போல நுண்ணியது. தோட்டாவின் வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு பகுதியான பிரைமர்களில் பெரும்பாலானவற்றில் காரீயச் சேர்மம் இருப்பதால், சுட்ட உறைகளின் உள்ளே கரியோடு காரீயமும் படிந்திருக்கும். அந்த உறைகளை வால்நட் ஓட்டுத்தூளிலோ சோளக்கதிர்த் தூளிலோ போட்டு உலர்வாகச் சுழற்றிப் பளபளப்பாக்கினால், இயந்திரத்தின் மூடியைத் திறந்து தூளைச் சலிக்கும் ஒவ்வொரு முறையும் அது காற்றில் பறக்கும். வார்ப்பதைப் பற்றி அஞ்சுகிறவர்கள்கூட இந்த வேலையைச் சர்வசாதாரணமாகச் செய்வதைக் கண்டிருக்கிறேன். உலர்முறையைக் கைவிட்டு நீரில் கழுவும் முறைக்கு மாறுங்கள். உறைகளை நன்கு உலர்த்தி, உருக்கும் பானையிலிருந்து தொலைவில் வையுங்கள், ஏனெனில் உருகிய காரீயத்தில் ஒரு துளி நீர் விழுந்தாலும் அது வெடித்துச் சிதறும். நீங்கள் சுடுவது காற்றோட்டம் குறைந்த உள்ளரங்கில் என்றால், அதுவும் இந்த 18-இல் ஒரு பங்கு.

தோல் வழியாகக் காரீயம் அதிகம் நுழைவதில்லை. கை வாய்க்குப் போகும்போதுதான் நுழைகிறது, வெறும் வயிற்றில் இன்னும் கூடுதலாக. எனவே கராஜில் காப்பியும் வேண்டாம், சிகரெட்டும் வேண்டாம். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். அங்கு அணியும் உடையும் செருப்பும் வீட்டுக்குள் வரக் கூடாது. உடையைத் தனியாகத் துவையுங்கள். பழைய பேட்டரித் தகடுகளை உருக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், அவற்றில் ஆர்செனிக்கும் அமிலமும் உண்டு.

இத்தனையும் உங்கள் மகளுக்காக. பெரியவர் விழுங்கும் காரீயத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இரத்தத்தில் சேர்கிறது என்றால், சிறு குழந்தைக்குப் பாதியளவு வரை சேரலாம். அவள் தவழும் தரையும் கடிக்கும் பொம்மையும் நீங்கள் நடந்துவந்த வீட்டில்தான் இருக்கின்றன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளுக்கான எச்சரிக்கை அளவை 2021-இல் 3.5 ஆகக் குறைத்தது; பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் குழந்தைகளுக்கு இல்லை. விரல் நுனியில் எடுத்த இரத்தத்தில் அளவு கூடுதலாக வந்தால், தோலில் ஒட்டிய தூசியும் அதற்குக் காரணமாகலாம் என்பதால், சிரையிலிருந்து எடுத்து உறுதிசெய்யச் சொல்லுங்கள்.

வேலையை முழுவதும் நிறுத்தினால் இரத்தத்தில் உள்ள அளவு சுமார் ஒரு மாதத்தில் பாதியை நோக்கி இறங்கும். எலும்பில் சேர்ந்தது பல ஆண்டுகள் மெல்லக் கசிந்துகொண்டிருப்பதால் அந்த வேகம் பிறகு தளரும். கருவுற்ற பெண்ணின் எலும்பிலிருந்தும் அவ்வாறே வெளிப்பட்டு, நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடையும். ஆகவே மனைவியின் முடிவு தெரியும்வரை வார்ப்பையும் உறை சுத்திகரிப்பையும் நிறுத்திவையுங்கள். அவருடைய அளவு 5 அல்லது அதற்கு மேல் இருந்தால், கருத்தரிக்கும் முயற்சியைத் தொடரும் முன் மகப்பேறு மருத்துவரிடம் அதைக் காட்டி, உணவில் கால்சியமும் இரும்புச்சத்தும் போதுமா என்றும் கேளுங்கள். உங்களுக்கு மறுபரிசோதனை ஆறு வாரங்களில்.