ஆழமில்லாத நீரில் பெர்ச் மீனுக்கு எந்த லூர்?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நான் தூண்டில் போடும் ஏரியோரத்தில் ஆழம் ஒரு மீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. அடியில் முழுக்கப் பாசி. பெர்ச் மீன்கள் கண்ணுக்கே தெரிகின்றன. லூரின் (செயற்கை இரையின்) பின்னாலேயே வந்து, கரைப்பக்கம் நெருங்கியதும் திரும்பிப் போய்விடுகின்றன. பத்துப் பதினைந்து நிறம் மாற்றிப் பார்த்துவிட்டேன். அடுத்து எந்த நிறம் வாங்கலாம்?"

நிறத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். உங்கள் ஜிக் தலையின், அதாவது முள்ளோடு சேர்ந்த ஈயக் குண்டின், எடை எத்தனை கிராம்? ஏழு, பத்து என்று இருந்தால் சிக்கல் அங்கேதான். அத்தனை எடை ஒரு மீட்டர் நீரில் கண்மூடித் திறப்பதற்குள் பாசியில் போய் உட்கார்ந்துவிடும். அதைத் தவிர்க்க நீங்கள் ரீலை வேகமாகச் சுற்றுகிறீர்கள். லூர் நிற்காமல், தாழாமல், ஒரே கோட்டில் ஓடுகிறது. பெர்ச்சுக்கு அது பிடிப்பதில்லை. அது கூட்டமாகத் துரத்தும் மீன். இரையின் வாலைக் கொத்திப் பார்த்து, அது தடுமாறும் நொடிக்காகக் காத்திருக்கும். தடுமாறவே செய்யாத இரையை எவ்வளவு தூரம்தான் துரத்தும்? பின்தொடர்ந்து வருகிற மீன் பசியில்லாத மீன் அல்ல. தாக்குவதற்கு ஒரு வாய்ப்பு அதற்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஆழமில்லாத நீரில் லூரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, அது எவ்வளவு மெதுவாக இறங்கும் என்பதைத்தான். ஒரு மீட்டர் ஆழத்துக்கு 1.5 முதல் 2 கிராம் ஜிக் தலை போதும். காற்று அடித்தால் 3 கிராம். அதில் நாலைந்து சென்டிமீட்டர் ரப்பர் மீன் ஒன்றைக் கோத்துவிடுங்கள். துடுப்பு போல அகன்ற வால் உள்ளது என்றால் நீரைத் தள்ளிக்கொண்டு இன்னும் நிதானமாக இறங்கும். ஊசி போல மெலிந்த வால் உள்ளது, மீன்கள் சுணங்கியிருக்கும் குளிர்ந்த நீருக்கு நல்லது; லேசாக நடுங்கினாலே போதும்.

இத்தனை லேசான எடையை வீச முடியுமா என்று தோன்றும். 10 கிராம் முதல் 30 கிராம் வரையான லூர்களுக்கான தூண்டில் கோலில் முடியாது. கோலில் 1–7 அல்லது 2–10 கிராம் என்று எழுதியிருக்க வேண்டும். நரம்பு 0.08 மி.மீ. அளவில் பின்னிய மெல்லிய இழை. நுனியில் ஒரு மீட்டர் ஃபுளோரோகார்பன் (நீரில் எளிதில் தெரியாத நரம்பு). லூருக்குச் செலவழிக்கும் பணத்தை முதலில் இதில் போடுங்கள் என்றே சொல்வேன்.

பாசி நீர்மட்டம்வரை அடர்ந்திருந்தால் திறந்த முள் உதவாது. ஒவ்வொரு வீச்சிலும் பாசிதான் வரும். வளைவு முள்ளை ரப்பர் உடலுக்குள்ளேயே நுனி மறையும்படி கோத்து, ஈயமே இல்லாமலோ ஒரு கிராம் ஈயத்தோடோ பாசியின் சந்துகளில் இறக்குங்கள்.

பாசிக்கு மேலே அரை மீட்டராவது நீர் இருந்தால் மிதக்கும் வாப்ளர்தான் (மீன் வடிவக் கடின லூர்) என் விருப்பம். நாலைந்து சென்டிமீட்டர் நீளம், முன்னால் குட்டையான உதடு, அதாவது லூரை முங்க வைக்கும் சின்னத் தகடு. உதடு நீண்டால் ஆழமாக முங்கிப் பாசியில் மாட்டும். சுற்றுவதை நிறுத்தினால் அது தானாக மேலே எழும்பும். பாசியில் உரசினாலும் விட்டுப் பிடித்தால் விடுபட்டு வரும். 1936-இல் ஃபின்லாந்தின் லௌரி ரப்பாலா தக்கையைச் செதுக்கித் தன் முதல் லூரைச் செய்தபோது, காயம்பட்ட சின்ன மீன் தள்ளாடி நீந்துவதைத்தான் அதில் கொண்டுவரப் பார்த்தார். கூட்டத்தில் தள்ளாடும் மீனைத்தான் வேட்டை மீன் குறிவைக்கும் என்பதைக் கவனித்து வைத்திருந்தார். பெர்ச் விஷயத்தில் அந்தக் கவனிப்பு அப்படியே பொருந்துகிறது.

ஸ்பின்னர் (இழுக்கும்போது தகடு சுழலும் லூர்) வேண்டாமா? வேண்டும், மீன் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு. 1 அல்லது 2 எண் அளவு, மூன்று நான்கு கிராம் எடை. ஆனால் நிறுத்தினால் தகடு சுழலாமல் கீழே விழும். அதனால் பின்தொடர்ந்து திரும்பும் மீனுக்கு அது மருந்தல்ல.

சரி, நிறம். பெர்ச் பகலில் கண்ணை நம்பி வேட்டையாடும் மீன். நிறம் முக்கியமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆழத்தில் சிவப்பு சீக்கிரம் மங்கிவிடும், ஒரு மீட்டரில் அப்படி மங்காது. தெளிந்த நீரென்றால் அங்குள்ள குஞ்சு மீன்களின் நிறம்: வெள்ளி, பச்சை கலந்த பழுப்பு. பெர்ச் தன் இனக் குஞ்சுகளையே தின்னும் என்பதால் வரிபோட்ட பச்சையும் எடுபடும். கலங்கிய நீருக்குப் பளீர் மஞ்சளோ ஆரஞ்சோ. மூன்று நிறம் போதும். மீதிப் பணத்துக்கு மூன்று விதமான எடை வாங்குங்கள்.

அப்புறம், அதே நீரில் பைக் மீன் இருந்தால் நுனியில் மெல்லிய எஃகுக் கம்பி கட்டியே ஆக வேண்டும். பைக்கின் பல் நரம்பை அறுத்தால் மீன் வாயில் முள்ளோடு போகும், பாவம். வசந்தத்தில் பெர்ச் பாசிமேல் நாடா நாடாவாக முட்டையிடும் வாரங்களில் அந்த இடத்தையே விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை போகும்போது கரையிலிருந்து இரண்டடி பின்னால் நின்று வீசுங்கள், உங்கள் நிழல் நீரில் விழ வேண்டாம். மீன் பின்தொடர்வதைப் பார்த்ததும் கை தானாக வேகமெடுக்கும், எடுக்க விடாதீர்கள். சுற்றுவதை நிறுத்தி, நரம்பு தளராமல் இரண்டு நொடி லூரைத் தாழ விடுங்கள். கடி பெரும்பாலும் அப்போதுதான் விழும். விழுந்தால் வெடுக்கென்று இழுக்க வேண்டாம். பெர்ச்சின் வாயோரச் சவ்வு மெல்லியது, கிழிந்துவிடும். கோலை நிதானமாக உயர்த்தினாலே முள் ஏறிவிடும்.