தீக்காயத்தில் எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத கிருமி வந்துவிட்டால் அவ்வளவுதானா?

அவ்வளவுதான் என்று இல்லை. அண்ணனுக்கு 40 சதவீதத் தீக்காயம், கல்ச்சர் ரிப்போர்ட்டில் (கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை) கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தவிர எல்லா மருந்துக்கும் நேரே 'ஆர்', அதாவது கிருமி இதற்கு அடங்காது என்று போட்டிருக்கிறது என எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, தீக்காய வார்டில் ஆறு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள்.

முதலில் அந்த சாம்பிளை எங்கிருந்து எடுத்தார்கள் என்று பாருங்கள். வெந்த தோலின் மேல் பஞ்சுக்குச்சியால் தடவினால் ஒரு வாரத்துக்குள் ஏதோ ஒரு கிருமி வளரத்தான் செய்யும். புண்மேல் குடியிருப்பது வேறு, உடம்புக்குள் இறங்கியிருப்பது வேறு. ரத்தத்தில் வளர்ந்திருக்கிறதா, பிபி இறங்குகிறதா, நேற்றுவரை சிவப்பாக இருந்த புண் கறுக்கிறதா, டாக்டர்கள் கவலைப்படுவது இதற்குத்தான். ஸ்வாப் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து மருந்தை மாற்றி மாற்றிப் போட்டால் கிருமிக்குத்தான் பழக்கம் ஆகும்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் "பெரிய ஊசி ஏதாவது போடுங்க சிஸ்டர்" என்பார்கள். ஆனால் வெந்து செத்த தோலில் ரத்த ஓட்டமே கிடையாது, ஊசி மருந்து போவதோ ரத்தத்தோடு, அப்புறம் அது எப்படி அங்கே போய்ச் சேரும்? அதனால்தான் செத்த தோலைச் சீக்கிரமே வெட்டி எடுத்துவிட்டு, ஆறாத இடத்தில் ஒட்டுத்தோல் (கிராஃப்ட்) வைப்பது. யூகோஸ்லாவியாவில் சோரா யான்செகோவிச் என்ற பெண் மருத்துவர் 1970இல் இந்த முறையைப் பற்றி எழுதினார், அதன் பிறகுதான் இது உலகம் முழுக்கப் பரவியது. என் கணக்கில் கொலிஸ்டினைவிடப் பெரிய மருந்து இதுதான்.

மேலே தடவுவதற்கு வெள்ளி கலந்த மருந்துகள் உண்டு. பச்சையாகச் சீழ் வந்து ஒரு மாதிரி இனிப்பு வாடை அடித்தால் பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற கிருமி, அதற்கு நீர்க்கச் செய்த அசிட்டிக் அமிலத்தில் நனைத்த துணி போடுவோம். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான், ஆனால் தயவுசெய்து வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

கொலிஸ்டின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் என்று ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்த மருந்து, வேறு வழியில்லாமல் திரும்ப வந்திருக்கிறது. அதைப் போடும்போது சிறுநீர் அளவையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையையும் விடாமல் பார்ப்பார்கள். இன்னொரு சிக்கல், பெரிய தீக்காயக்காரர்களுக்குச் சிறுநீரகம் வழக்கத்தைவிட வேகமாக வேலை செய்து சில ஆன்டிபயாடிக்குகளைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும், அதனால் வழக்கமான டோஸ் பத்தாமல் போகும்.

பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிரான்ஸ், பெல்ஜியம் மருத்துவமனைகளில் தீக்காயப் புண்ணில் தடவிப் பார்த்தார்கள், 2019இல் முடிவு வந்தது. புண்ணில் கிருமி குறைந்தது, ஆனால் வழக்கமான வெள்ளிக் களிம்பைவிட மெதுவாக. தயாரித்து வைத்த வைரஸ் வீரியம் இழந்து, நினைத்ததில் துளி அளவுதான் நோயாளிக்குப் போயிருக்கிறது. இப்போதைக்கு அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

நாளைக்கு ரவுண்ட்ஸ் வரும்போது "ரத்தக் கல்ச்சர் என்ன சொல்கிறது, செத்த தோல் இன்னும் எவ்வளவு பாக்கி, கிராஃப்ட் எப்போது?" என்று கேளுங்கள். கட்டில் கம்பியைத் தொட்ட கையோடு போனை எடுக்காதீர்கள், தீக்காய வார்டுகளில் அடிக்கடி வரும் அசினெட்டோபாக்டர் என்ற கிருமி காய்ந்த இடத்தில்கூடப் பல நாள் உயிரோடு கிடக்கும்.