லாகோஸ் போகும் பொறியாளருக்கு யார் காவல்?

கேள்வி: கோவையில் மோட்டார் பம்ப் தயாரிக்கிறோம். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் ஒரு வியாபாரி எங்கள் விநியோகஸ்தராக விரும்புகிறார். எங்கள் விற்பனைப் பொறியாளர் ஐந்து நாள் அங்கே போய்வர வேண்டும். விமான நிலையத்தில் வரவேற்பது முதல் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாக வியாபாரி சொல்கிறார். என் தம்பியோ, துப்பாக்கி ஏந்திய இருவரை அமர்த்தாமல் ஆளை அனுப்பாதே என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இருவர் பேச்சும் வேண்டாம். முதலில் ஒரு நல்ல ஓட்டுநரைத் தேடுங்கள்.

வியாபாரி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவரை உங்களுக்கு மின்னஞ்சலில்தான் தெரியும். மோசடி பற்றிய நைஜீரியச் சட்டப் பிரிவின் எண்ணான 419, முன்பணம் கேட்டு ஏமாற்றுவதற்கே பட்டப்பெயராக உலகம் முழுவதும் பரவிவிட்டது. அவருடைய நிறுவனம் அங்குள்ள கார்ப்பரேட் அஃபேர்ஸ் கமிஷனில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தியத் தூதரகத்துக்கு லாகோஸிலும் ஓர் அலுவலகம் உண்டு, அங்கும் விசாரியுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் வண்டி உங்கள் செலவில், உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பேரம் படியாமல் போகும் நாளில் அவர் காரில் திரும்பி வரும் நிலை உங்கள் ஆளுக்கு வேண்டாம்.

தம்பி சொல்லும் துப்பாக்கிக்கு வருகிறேன். நைஜீரியாவில் தனியார் காவல் நிறுவனங்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆயுதக் காவல் அரசுப் படையிலிருந்துதான் வர வேண்டும். வெகுகாலமாக 'மோபோல்' எனப்படும் போலீஸ் பிரிவினர் அந்த வேலையைச் செய்துவந்தார்கள். 2025 நவம்பரில் அதிபர் போலா டினுபு, பிரமுகர்களின் காவலிலிருந்து போலீசாரை விலக்கிக்கொள்ள உத்தரவிட்டார்; தேவைப்படுவோர் சிவில் டிஃபன்ஸ் படையைக் கேட்க வேண்டும் என்றார். ஆகவே ஒரு நிறுவனம் 'இரண்டு துப்பாக்கிக்காரர்கள், இவ்வளவு டாலர்' என்று விலை சொன்னால், எந்தப் படையினர், யாருடைய அனுமதியில் வருகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் வேறு நிறுவனம். என்னைக் கேட்டால், பம்ப் விற்கப் போகிறவருக்கு முன்னால் சைரன் வண்டி ஓடுவது, 'இதோ பணக்காரர் வருகிறார்' என்று தமுக்கடிப்பதுதான்.

உண்மையான ஆபத்து சாலையில், அதிலும் இருட்டிய பிறகு. லாகோஸ் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் ஆறரை, ஏழு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். விமான நிலையம் இருப்பது நிலப்பகுதியின் இகேஜாவில். பெரிய ஓட்டல்கள் பல இருப்பது காயலைத் தாண்டி விக்டோரியா தீவில். நடுவே பன்னிரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தேர்டு மெயின்லேண்ட் பாலம். 'கோ-ஸ்லோ' என்று அவர்கள் அழைக்கும் நெரிசலில் வண்டி நகராமல் நிற்கும்போதுதான் கண்ணாடியை உடைத்துப் பறிப்பார்கள். வியாபாரியின் கிடங்கு இகேஜா பக்கம் என்றால் அங்கேயே அறை எடுங்கள். கடற்காற்றுக்காகத் தினமும் இருமுறை அந்தப் பாலத்தைக் கடக்கத் தேவையில்லை. விமானமும் மதியத்துக்குள் இறங்குவதாக இருக்கட்டும். குடியுரிமைச் சோதனைக்கும் பெட்டிக்குமே ஒன்றிரண்டு மணி நேரம் போய்விடும்.

ஐந்து நாளும் ஒரே ஓட்டுநர். அவருடைய படம், வண்டி எண், ஒரு மறைசொல் மூன்றும் பொறியாளர் கிளம்பும் முன்பே கைக்கு வந்துவிட வேண்டும். வரவேற்பு அட்டையில் ஆள் பெயரோ நிறுவனப் பெயரோ வேண்டாம். அதைப் படித்துவிட்டு யார் வேண்டுமானாலும் 'நான்தான் உங்கள் டிரைவர்' என்று எதிரே வந்து நிற்கலாம். மறைசொல்லை ஓட்டுநர் சொல்ல வேண்டும், நம் ஆள் எடுத்துக்கொடுக்கக் கூடாது. தெருவில் கைகாட்டி நிறுத்தும் வண்டி எதிலும் ஏறக் கூடாது. பயணி போல உட்கார்ந்திருக்கும் கூட்டாளிகளோடு வந்து கொள்ளையடிப்பதற்கு அங்கே 'ஒன் சான்ஸ்' என்று தனிப் பெயரே இருக்கிறது.

அடுத்தது உங்கள் வேலை. லாகோஸ் நேரம் நமக்கு நாலரை மணி பின்னால். அவர் மாலை ஆறுக்கு அறைக்குத் திரும்பி அழைத்தால் உங்களுக்கு இரவு பத்தரை. பதினொன்று வரை அழைப்பு வரவில்லையென்றால் கோவையில் யார் விழித்திருந்து, யாரை, எந்த வரிசையில் அழைப்பது? இதை ஒரு தாளில் எழுதி, அந்தப் பொறுப்புக்கு ஒருவரைக் குறியுங்கள். அவர் தூங்கிவிடக் கூடியவர் என்றால் வேறொருவர். பொறியாளருக்கும் அவர் குடும்பத்துக்கும் மட்டுமே தெரிந்த ஒரு கேள்வியையும் பதிலையும் உறையில் போட்டு வையுங்கள். கடத்திவிட்டோம் என்று யாராவது பணம் கேட்டால், ஆள் உயிரோடு அவர்கள் கையில்தான் இருக்கிறாரா என்று அறிய அதுதான் வழி. கடத்தல் காப்பீடு எடுத்தால் வெளியே மூச்சு விடாதீர்கள், பொறியாளரிடமும்கூட. விஷயம் கசிந்தால் பாலிசி செல்லாமல் போகலாம். கேட்கும் தொகையும் ஏறும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது பத்து நாள் முன்னதாகப் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டதற்கான அட்டை இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். லாகோஸில் பத்திரமாக இருந்துவிட்டு வந்த மனிதர் இங்கே அடைபட்டுக் கிடக்க வேண்டாம்.