52.9 டிகிரி பொய்யானால் வெப்பமும் பொய்யா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தில்லி மயூர் விஹாரில் டிடிஏ (தில்லி வளர்ச்சி ஆணையம்) கட்டிய அடுக்கு ஒன்றின் மேல்தளத்தில் குடியிருக்கிறோம். 2024 மே மாதக் கடைசியில் முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று எல்லா டிவியிலும் ஓடியது. பிறகு கருவிக் கோளாறு என்றார்கள். அன்று தொடங்கி, குடும்ப வாட்ஸப் குழுவில் பருவநிலை மாற்றம் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் என் நாத்தனார் கணவர் அந்த 52.9-ஐ எடுத்துப் போட்டு, “இதுவும் அந்தக் கணக்குதான்” என்கிறார். இன்னொரு பக்கம் “பருவநிலை மாற்றத்தால் இந்த வெப்ப அலைக்கான வாய்ப்பு 30 மடங்கு கூடியது” என்று செய்தி வருகிறது. அந்த 30-ஐ எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

மூன்றாவது சொந்தக் கவலை. மாமியாருக்கு 74 வயது. மே மாதம் 45 டிகிரியில் கூலர் போட்டால் தூங்கிவிடுகிறார். ஜூலையில் 36 டிகிரிதான், ஆனால் இரவெல்லாம் புரண்டு அவதிப்படுகிறார். அப்போது செய்திகளில் வெப்பம் பற்றிப் பேச்சே இருப்பதில்லை. நாங்கள் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

எஸ்., தில்லி

*

அன்புள்ள எஸ்.,

முதலில் 52.9. அது 2024 மே 29 அன்று வடமேற்குத் தில்லியின் முங்கேஷ்பூரில் உள்ள தானியங்கி நிலையம் காட்டிய எண். அன்றே மற்ற நிலையங்கள் 45.2-இலிருந்து 49.1 வரை காட்டின. தில்லியின் முதன்மை நிலையமான சஃப்தர்ஜங்கில் 46.8. ஒரு நிலையம் மட்டும் தனியே நிற்பதைப் பார்த்து அன்று மாலையே வானிலைத் துறை சந்தேகம் தெரிவித்தது. பின்னர் தரமான கருவியுடன் ஒப்பிட்டபோது, அந்த சென்சார் சுமார் 3 டிகிரி கூட்டிக் காட்டுவது தெரிந்தது. 3-ஐக் கழித்தாலும் அங்கே 50-ஐ ஒட்டிய வெப்பம் இருந்திருக்கிறது. பிழையைப் பிடித்ததும் அறிவித்ததும் அளக்கிறவர்களேதான். இதை உங்கள் நாத்தனார் கணவரிடம் சொல்லுங்கள்.

ஒரு சென்சார் கெட்டால் நீண்டகாலப் போக்கு கெடாது. ஆயிரக்கணக்கான நிலையங்களின் பல பத்தாண்டுப் பதிவுகளை, அக்கம்பக்கத்து நிலையங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகுதான் போக்கைக் கணிக்கிறார்கள். நாசா, அமெரிக்கக் கடல்-வளிமண்டல அமைப்பான நோவா, பிரிட்டிஷ் வானிலைத் துறை மூன்றும் தனித்தனியே இந்தக் கணக்கைப் போடுகின்றன. அவற்றை நம்பாத இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர், பெர்க்லி எர்த் என்ற குழுவை அமைத்துத் தரவுகளையெல்லாம் முதலிலிருந்து மறுபடி ஆராய்ந்தார். பூமி சூடாகியிருப்பதையும் அதற்குக் காரணம் மனிதச் செயல்பாடுதான் என்பதையும் 2012-இல் அவரே வெளிப்படையாக எழுதினார்.

செய்தியில் ஒரு வெப்ப எண் வந்தால் அது எதன் வெப்பம் என்று முதலில் பாருங்கள். வானிலைத் துறை சொல்வது நிழலில், வெள்ளையடித்த, காற்றுப் புகும் ஸ்டீவன்சன் பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறக்குறைய நான்கடி உயரத்தில் உள்ள காற்றின் வெப்பம். செயற்கைக்கோள் படத்தில் சிவப்பாகத் தெரிவது மண்ணின் மேற்பரப்பு வெப்பம். 2022 ஏப்ரலில் குஜராத் பகுதியில் 60 டிகிரிக்கு மேல் என்று வந்தது அதுதான். இரண்டையும் ஒன்றாக்கி எழுதும் தலைப்புகள்தான் உங்கள் குடும்பக் குழுவுக்கு வெடிமருந்து தருகின்றன. கார் டேஷ்போர்டு காட்டுவது தார்ச்சாலையின் சூடும் கலந்த எண். மொபைல் ஆப் காட்டுவது பெரும்பாலும் கணினி மாதிரியின் கணிப்பு. உங்கள் தெருவில் யாரும் அதை அளப்பதில்லை.

இனி 30 மடங்கு. ஒரு வானிலை நிகழ்வில் பருவநிலை மாற்றத்தின் பங்கு எவ்வளவு என்று கணக்கிடுவதற்கு அட்ரிபியூஷன் என்று பெயர். இந்தத் துறைக்கு வழி திறந்தது 2004-இல் ஸ்டாட், ஸ்டோன், ஆலன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஐரோப்பாவின் 2003 கோடை வெப்பத்தைப் பற்றி எழுதிய ஆய்வு. இன்று இதை வேகமாகச் செய்கிற குழு வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன். செய்முறை இப்படி: எந்த நிலப்பரப்பு, எத்தனை நாள், எந்த அளவீடு என்று நிகழ்வை வரையறுப்பார்கள். பழைய பதிவுகளை வைத்து, இன்றைய உலகில் இப்படி ஒன்று எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று கணிப்பார்கள். பிறகு கணினி மாதிரிகளை எடுத்து, உண்மைப் பதிவோடு ஒத்துப்போகாதவற்றைத் தள்ளிவிடுவார்கள். மிஞ்சியவற்றில் இன்றைய உலகையும், மனிதர் கூட்டிய வெப்பம் இல்லாத உலகையும் பக்கத்தில் வைத்து வாய்ப்பை ஒப்பிடுவார்கள். 2022 மார்ச், ஏப்ரல் மாதங்களில் வடமேற்கு இந்தியாவையும் பாகிஸ்தானையும் வாட்டிய வெப்பத்துக்கு இப்படி வந்த விடைதான் 30 மடங்கு. இன்றைய உலகிலும் அது நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடியது. முன்பிருந்த உலகில் அதே நிகழ்வு சுமார் 1 டிகிரி குறைவாக இருந்திருக்கும்.

ஆக, 30 என்பது வாய்ப்பு. 1 டிகிரி என்பது அளவு. தலைப்பு எழுதுகிறவர்கள் பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு சின்னதை விட்டுவிடுகிறார்கள். படிக்கிறவருக்கு வெப்பமே 30 மடங்கு கூடியதாகத் தோன்றுகிறது.

விடை வரையறையைப் பொறுத்தது என்பதைச் செய்திகள் சொல்வதேயில்லை. 2016 மே 19 அன்று ராஜஸ்தானின் பலோடியில் 51 டிகிரி பதிவானது. அது இந்தியச் சாதனை. அட்ரிபியூஷன் ஆய்வாளர்களே அதை ஆராய்ந்து, அங்கே ஆண்டின் உச்ச வெப்பத்தில் பருவநிலை மாற்றத்தின் தெளிவான தடம் தெரியவில்லை என்று எழுதினார்கள். நேர்மையான முடிவு. காரணமாக இரண்டைச் சொன்னார்கள்: காற்று மாசும் பாசனமும். வட இந்தியாவின் மேல் தொங்கும் சல்பேட், புகை மூட்டம் பகல் வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. சிந்து-கங்கைச் சமவெளியின் பாசன வயல்களிலிருந்து ஆவியாகும் நீர் பகல் வெப்பத்தைக் குறைக்கிறது.

அந்த நீர் எங்கும் போய்விடுவதில்லை, காற்றில் ஈரமாக நிற்கிறது. புகை மூட்டம் வெயிலை மறைப்பதும் பகலில்தான். இரவில் மறைக்க வெயிலே இல்லை. பகலில் சூடேறிய கான்கிரீட்டும், தெருவெங்கும் வெந்நீராவி போல ஊதும் ஏசி யூனிட்டுகளும் இரவில் தங்கள் வேலையைக் காட்டுகின்றன. நாம் விழுந்து விழுந்து பார்க்கிற பகல் உச்ச வெப்பம், வட இந்தியாவைப் பொறுத்தவரை மாற்றத்தை மிகக் குறைவாகக் காட்டும் எண். ஈரத்தோடு கூடிய வெப்பத்தை எடுத்தால் படம் மாறுகிறது. 2023 ஏப்ரலில் இந்தியாவிலும் வங்கதேசத்திலும் அடித்த புழுக்கத்தை அதே முறையில் ஆராய்ந்தபோது வாய்ப்பு குறைந்தது 30 மடங்கு, அளவு குறைந்தது 2 டிகிரி கூடியிருந்தது.

உங்கள் மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் உடல் சொல்வது முழுக்கச் சரி. உடம்பு குளிர்வது வியர்வை ஆவியாவதால். அப்படி ஆவியாகி எவ்வளவு வரை குளிர முடியும் என்பதைக் காட்டுவது ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது குமிழில் ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் எண். மே மாதம் 45 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் சுமார் 24. ஜூலையில் 36 டிகிரி, 70 சதவீதம் என்றால் சுமார் 31. அது 35-ஐத் தொட்டால் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வழியே இல்லை என்று 2010-இல் ஆய்வாளர்கள் ஷெர்வுட்டும் ஹ்யூபரும் எழுதினார்கள். 2022-இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் இளம் வயதினரை வைத்துச் சோதித்தபோது, ஈரமான சூழலில் 30, 31-லேயே உடல் வெப்பம் கட்டுமீறி ஏறத் தொடங்கியது. முதியவருக்கு எல்லை இன்னும் கீழே.

கூலரும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டதுதான். நல்ல பேட் உள்ள கூலர், காற்றின் வெப்பத்துக்கும் ஈரக்குமிழுக்கும் உள்ள இடைவெளியில் முக்கால் பங்கைக் குறைக்கும். மேயில் இடைவெளி 21. எனவே 45 டிகிரிக் காற்று ஏறக்குறைய 29-ஆக வரும். ஜூலையில் இடைவெளி 5. 36 டிகிரிக் காற்று 32-ஆக வரும், கூடவே அறை முழுக்க ஈரத்தை நிரப்பும். ஜூலையில் பம்பை நிறுத்திவிட்டு, கூலர் ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். எதிர்ப்பக்க ஜன்னல் எப்போதும் திறந்திருக்கட்டும். காற்று வெளியேற வழியில்லாமல் கூலர் ஓட்டுவதுதான் தில்லி வீடுகளில் நடக்கும் முதல் தவறு. தொட்டியை வாரம் ஒருமுறை காலிசெய்து தேய்த்துக் கழுவுங்கள், டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும். மின்விசிறி 40 டிகிரிக்குக் கீழே உதவும். அதற்கு மேலே அடுப்புக் காற்றை உடம்பில் அடிப்பதற்குச் சமம். வீட்டில் ஒரே ஏசி என்றால் அதை மாமியார் அறைக்கு, ஜூலை இரவுகளுக்கு ஒதுக்குங்கள்.

ஜூலையில் செய்திகளில் வெப்பம் பற்றிப் பேச்சே இல்லை என்றீர்கள். நம் வானிலைத் துறையின் விதிப்படி, சமவெளியில் வெப்ப அலை என்று அறிவிக்க, உச்ச வெப்பம் 40-ஐத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடியிருக்க வேண்டும். அல்லது நேரடியாக 45-ஐத் தொட வேண்டும். ‘வெப்ப இரவு’ என்ற அறிவிப்பும் பகல் 40-க்குக் குறையாமல் இருந்தால்தான் வரும். உங்கள் 36 டிகிரி நாள் இந்த விதிகளில் அடங்காது, அது எத்தனை புழுக்கமாக இருந்தாலும். பிரான்ஸ், 2003-இல் ஏறத்தாழ 15,000 பேரைப் பறிகொடுத்த பிறகு, இரவையும் சேர்த்தே கணக்கிடுகிறது: பாரிஸில் மூன்று நாள் சராசரியாகப் பகல் 31, இரவு 21 என்பது எச்சரிக்கை வரம்பு. ஜப்பான் 2021 முதல் நாடு முழுவதும், ஈரக்குமிழுக்கு 70 சதவீத எடை கொடுக்கும் ஒரு குறியீட்டை வைத்து எச்சரிக்கிறது. அகமதாபாத் 2013-இல் இந்தியாவில் முதல் வெப்பச் செயல்திட்டத்தைப் போட்டது, 2010 மே மாதம் அங்கே வழக்கத்தைவிட 1,300-க்கு மேற்பட்டோர் கூடுதலாக இறந்த பிறகு. அந்த எண்ணும் வெப்பத்தாக்கு என்று எழுதிய சான்றிதழ்களை எண்ணிக் கிடைத்ததல்ல, அந்த மாதத்து மொத்த மரணங்களை முன்பின் ஆண்டுகளின் மே மாதத்தோடு ஒப்பிட்டுக் கிடைத்தது. பத்திரிகைகள் ஒவ்வொரு கோடையிலும் தரும் சின்னஞ்சிறு மரண எண்ணிக்கையை நான் நம்பாததற்கு அதுதான் காரணம். இதயம் நின்று போனவரை வெப்பக் கணக்கில் யார் சேர்க்கிறார்கள்?

வீட்டிலேயே அளக்கலாம். ஒரே மாதிரி இரண்டு தெர்மாமீட்டர் வாங்குங்கள். காய்ச்சல் தெர்மாமீட்டர் வேண்டாம், பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் வகை. நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டு இரண்டையும் அமிழ்த்துங்கள். இரண்டும் 0 காட்ட வேண்டும், காட்டாவிட்டால் வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பருத்தி வேட்டித் துணியைக் கஞ்சி போகக் கொதிக்கவைத்து, ஒன்றின் குமிழில் ஒரு சுற்று இறுக்கிச் சுற்றி, துணியின் மறுமுனையை ஒரு குட்டிப் புட்டித் தண்ணீரில் விடுங்கள். ஆர்ஓ தண்ணீராக இருக்கட்டும். போர் தண்ணீரின் உப்பு துணியில் படிந்தால் அளவு கூடிவிடும். துணி காய்ந்தாலும் கூடும், காற்று அசையாமல் நின்றாலும் கூடும். அதனால் மின்விசிறிக்கு நேரே வைத்து ஐந்து நிமிடம் பொறுத்து, இறங்கி நின்ற எண்ணைப் பாருங்கள். அதுதான் ஈரக்குமிழ்.

இவ்வளவு வேண்டாமென்றால் டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் போதும், ஆனால் மலிவானவை 5, 10 சதவீதம் தவறாகக் காட்டும். ஒரு பாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, கரையாமல் சேறாகும் அளவு சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் கவரில் காற்றுப் புகாமல் மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் அது 75 காட்ட வேண்டும். 69 காட்டினால் இனி எப்போதும் 6-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இரவு 10 மணிக்கும் விடியற்காலை 5 மணிக்கும், மாமியார் படுக்கும் உயரத்தில், சுவரை ஒட்டாமல் அளந்து எழுதிவையுங்கள். மேல்தள அறையில் 10 மணிக்கு ஈரக்குமிழ் 28-ஐத் தாண்டினால் அன்றிரவு அவரைக் கீழ்த்தளத்திலோ ஏசி அறையிலோ படுக்கவைப்பேன். 28 என்பது முதியவர்களுக்காக, பாதுகாப்பு கருதி நான் சற்றுக் கீழேயே வைத்திருக்கும் எண். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், கோடையில் அளவை மாற்ற வேண்டுமா என்று ஏப்ரலிலேயே டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பேச்சு குழறினாலோ ஆள் தடுமாறினாலோ 112-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திராமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இதற்கு உதவாது.

மேல்தளம் என்றீர்களே, மொட்டைமாடிக்கு மார்ச் முடிவதற்குள் வெள்ளைக் கூல் ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடிக்க அடுக்கின் சங்கத்தில் பேசுங்கள். தெலங்கானா 2023-இல் இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்திருக்கிறது. தில்லியில் புழுதிப் புயல் அடித்தால் வெள்ளை பழுப்பாகி வெயிலைத் திருப்புவது குறைந்துவிடும். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் மாடியைக் கழுவிவிட வேண்டும்.