மினி டிராக்டர் சில நேரம் மட்டும் ஹீட் ஆகுது, ஏன்?

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புல மண்ணைக் கிளர்ற ரோட்டவேட்டர் போட்டு ஓட்டுனா அரை மணி நேரத்துல டெம்பரேச்சர் மீட்டர் முள்ளு சிவப்புக்கு போகுது, ரோட்டுல ஓட்டுனா ஒண்ணும் இல்லன்னு கேட்டிருக்கீங்க. லோடு ஏறினா மட்டும் சூடாகுதுன்னா முதல்ல ரேடியேட்டரைத்தான் பார்க்கணும், வாட்டர் பம்பை அவசரப்பட்டு மாத்திடாதீங்க.

முன்னாடி வலை சுத்தமா இருக்கேன்னு விட்டுடாதீங்க அண்ணா, அதுக்கு உள்ள ரேடியேட்டர் ஃபின்னுக்கு (மெல்லிசான தகடு) நடுவுல செம்மண்ணும் சருகுத்தூளும் ஆயிலோட சேர்ந்து அடை மாதிரி அப்பிக்கிடக்கும், பின்னாடி இருந்து டார்ச் அடிச்சு முன்பக்கம் வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. இன்ஜின் நல்லா ஆறினப்புறம் ஃபேன் பக்கத்துல இருந்து முன்பக்கமா தண்ணி மெதுவா அடிங்க, பிரஷர் வாஷர் கிட்ட வெச்சு அடிச்சா ஃபின்னு மடங்கிடும்.

அதுக்கும் சரியாகலன்னா ஃபேன் பெல்ட், அடுத்து ரேடியேட்டர் அடியில இருந்து இன்ஜினுக்கு தண்ணி போற கீழ் ஹோஸ். ஹோஸ் உள்ள நைஞ்சிருந்தா ஆக்சிலேட்டர் ஏத்தறப்ப பம்பு இழுக்கிற இழுப்புல சப்பிக்கும், ஐடில்ல வெச்சா பழையபடி ஆயிடும், அதனாலதான் மெக்கானிக் கிட்ட கொண்டு போனா ஒண்ணும் தெரியறதில்ல.

தெர்மோஸ்டாட்டும் (தண்ணி சூடானா திறந்து ரேடியேட்டருக்கு விடற வால்வு) இப்படி சில நேரம் மட்டும் மாட்டிக்கும், கழட்டி வெந்நீர்ல போட்டா திறக்குதான்னு தெரியும், ஆனா அதை எடுத்துட்டு சும்மா ஓட்டாதீங்க. ரேடியேட்டர்ல விடாம குமிழி வந்தா மட்டும் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில இருக்கற சீல்) மேல சந்தேகம், அப்ப வண்டிய ஓட்டவே வேணாம்.

சூடா இருக்கறப்ப ரேடியேட்டர் மூடிய மட்டும் திறந்துடாதீங்க, கொதிதண்ணி மூஞ்சில அடிச்சிடும்.