ரீச்சரிடம் கேளுங்கள்: பத்துத் துவக்குக்கு ஒரு துவக்கு

கேள்வி: வணக்கம் ரீச்சர். கவுண்டர் ஸ்ட்ரைக் 2 விளையாட்டில் ஒரே தரத்து ஸ்கின் (துவக்குக்குப் போடும் வண்ண அலங்காரம்) பத்தைக் கொடுத்தால் அடுத்த தரத்தில் ஒன்று கிடைக்கும். 'டிரேட்-அப்' என்போம். தரத்தை நிறத்தால் சொல்வோம்: நீலம், அதற்கு மேல் ஊதா, இளஞ்சிவப்பு, சிவப்பு. ஒரு கேஸ் (ஸ்கின் பெட்டி) தொகுப்பிலிருந்து ஏழு நீலமும், ஒரு மெப் (விளையாட்டுக் களம்) தொகுப்பிலிருந்து மூன்று நீலமும் போட்டேன். எல்லாம் சேர்த்து 6 டொலர். அந்த மெப் தொகுப்பில் இரண்டு ஊதா: ஒன்று 20 டொலர், மற்றது 4 டொலர். பத்தில் மூன்று போட்டதால் மெப் ஊதா வர 30 வீத வாய்ப்பு என்று நம்பினேன். வந்ததோ கேஸ் ஊதா, 1.50 டொலர். என் கணக்கே பிழை என்கிறான் நண்பன்.
– உயர்தர மாணவன், உவர்மலை

பதில்: நண்பன் சொன்னதுதான் சரி, தம்பி. வெட்கப்பட வேண்டாம். அக்காவின் பேரன் இதே கேள்வியைக் கேட்டபோது நானும் கரும்பலகையில் 3/10 என்று எழுதியவள்தான். முப்பத்தொரு வருடம் நிகழ்தகவு படிப்பித்த கை! அவன்தான், "ரீச்சரம்மா, ஒவ்வொரு துவக்கும் ஒரு சீட்டு இல்லை, பல சீட்டுப் போடும்" என்று திருத்தினான்.

விஷயம் இதுதான். நீங்கள் போடும் ஒவ்வொரு ஸ்கின்னும், தன் தொகுப்பில் அடுத்த தரத்தில் எத்தனை இருக்கிறதோ அத்தனை சீட்டைக் குலுக்கலில் போடுகிறது. இப்போதைய கேஸ் ஒன்றில் பொதுவாக 17 ஸ்கின்: 7 நீலம், 5 ஊதா, 3 இளஞ்சிவப்பு, 2 சிவப்பு. ஆகவே உங்கள் ஏழு கேஸ் நீலமும் ஆளுக்கு ஐந்தாக 35 சீட்டு. மெப் நீலம் மூன்றும் ஆளுக்கு இரண்டாக 6 சீட்டு. மொத்தம் 41. மெப் ஊதா ஏதாவது ஒன்று வர 6/41, அதாவது 14.6 வீதம். நீங்கள் ஆசைப்பட்ட 20 டொலர் ஊதாவுக்கு 3/41, சுமார் 7.3 வீதம்தான்.

நம்பிக்கை வரவில்லையா? எனக்கும் வரவில்லை. சதுரக்கோட்டுக் கொப்பியில் 41 துண்டு வெட்டி, பழைய பால்மா டின்னில் போட்டு, ரியூசன் பிள்ளைகளைக் கொண்டு எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் எடுத்ததைத் திருப்பிப் போட வேண்டும், அதை மறந்தால் கணக்கே மாறிவிடும். இருபது தடவையில் மூன்று தடவை மெப் சீட்டு வந்தது. நான் தேத்தண்ணி ஊற்றப் போன நேரம், திறந்திருந்த கேற்றால் ஒரு மான் உள்ளே வந்து நாலைந்து சீட்டைத் தின்றுவிட்டது. திருகோணமலை டவுனில் இருப்பவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பரிசோதனை அத்தோடு முடிந்தது.

இனி நீங்கள் செய்திருக்க வேண்டியது. கேஸ் நீலத்துக்குப் பதில், ஒரே ஒரு ஊதா மட்டும் உள்ள தொகுப்பின் நீலம் ஏழு போட்டிருந்தால் 7 சீட்டுத்தான். மெப் நீலத்தின் 6 சீட்டோடு மொத்தம் 13. 20 டொலர் ஊதாவுக்கு 3/13, 23 வீதம். போடும் மூன்று மாறவில்லை, வாய்ப்பு மும்மடங்கு! விளையாடுபவர்கள் நிரப்புச் சரக்கை (பத்தை நிரப்பப் போடும் மலிவு ஸ்கின்) தேடித் தேடி வாங்குவது இதற்காகத்தான். பேர்போன உதாரணம் டிராகன் லோர் என்ற ஸ்கின். கோபிள்ஸ்டோன் தொகுப்பின் ஒரே சிவப்பு அது. அதற்கு அதே தொகுப்பின் நைட் என்ற இளஞ்சிவப்பு ஒன்றைப் போட்டு, மீதி ஒன்பதையும் ஒரு சிவப்பு மட்டுமுள்ள தொகுப்பிலிருந்து போட்டால் 1/10. இரண்டு சிவப்புள்ள கேஸ் சரக்கைப் போட்டால் 1/19.

ஆனால் அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். வாய்ப்பு வேறு, இலாபம் வேறு. 13 சீட்டுக் கணக்கில், நிரப்பு ஊதாவையும் 1.50 டொலர் என்றே வைத்து, ஒவ்வொரு விலையையும் அதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால் சராசரி 6.35 டொலர் வருகிறது. 6 டொலர் போட்டு 6.35. கொள்ளை இலாபம் என்று பேரனும் துள்ளினான். ஆனால் ஸ்கின் வாங்கி விற்கும் ஸ்டீம் இணையச் சந்தையில் வாங்குபவர் 115 சதம் கொடுத்தால்தான் விற்பவர் கையில் 100 சதம், மீதி கட்டணம். 6.35-ஐ 1.15-ஆல் வகுத்தால் 5.52 டொலர். 48 சதம் நட்டம். அதுவும் ஸ்டீம் கணக்கின் வாலட்டில் நிற்குமே தவிர வங்கிக்கு வராது. உங்கள் 41 சீட்டுக் கணக்குக்கு இதையே செய்து பாருங்கள். 2.64 டொலர்தான் வரும், 6 டொலர் போட்டு. நான் அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

விலை பார்ப்பதும் அன்றன்றைக்குத்தான். 2025 ஒக்டோபரில் ஐந்து சிவப்புக் கொடுத்தால் கத்தியோ கையுறையோ வாங்கலாம் என்று விதியை மாற்றினார்கள். சிவப்பு விலை ஏறியது, கத்தி விலை விழுந்தது. அதற்கு முந்தைய நாள் போட்ட கணக்கெல்லாம் அடுப்புக்குத்தான்.

கேள்வி: ரீச்சர், 3/13 வாய்ப்புள்ள டிரேட்-அப் ஆறு தடவை செய்து ஆறும் தோல்வி. இனி ஏழாவது தடவை கட்டாயம் வரும்தானே?
– வாசகர், நிலாவெளி

பதில்: ஏழாவது தடவையும் டின்னில் அதே 13 சீட்டு, உங்களுடையது அதே மூன்று. நீங்கள் தோற்றது டின்னுக்குத் தெரியாது. ஆறும் தொடர்ந்து தோற்பதற்கு 10/13-ஐ ஆறு தடவை பெருக்க வேண்டும், 0.207 வரும். இப்படி ஆறு தடவை முயலும் ஐந்து பேரில் ஒருவருக்கு இதே கதிதான். உங்களை யாரும் கண்ணூறு போடவில்லை. ஏழாவதுக்குக் காசு போட முன் அந்த ஆறுக்கும் எவ்வளவு போனது என்று ஒரு கொப்பியில் எழுதி, தொகையை எனக்கும் அனுப்புங்கள்.