ஒரே தேய்மானம், இரு வேறு சிகிச்சை ஏன்?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறேன். ஐந்து மாதமாகக் கழுத்தும் தோள்பட்டையும் வலிக்கின்றன. என் நாத்தனாருக்கு வலி கைக்கும் இறங்கி, விரல்கள் மரத்துப்போகின்றன. இருவர் எக்ஸ்ரேயிலும் ‘தேய்மானம்’ என்றே எழுதியிருக்கிறது. ஆனால், ஒரே பிசியோதெரபிஸ்ட் அவருக்குக் கழுத்தை இழுத்துப் பிடிக்கும் டிராக்ஷன் வைக்கிறார். எனக்குப் பயிற்சிகளை மட்டும் சொல்லி அனுப்புகிறார். என் வலியை அவர் பொருட்படுத்தவில்லையா?
- வாசகி, அவிநாசி

பதில்: அப்படி எண்ண வேண்டியதில்லை. நடுவயதைக் கடந்தவர்களில் கழுத்து வலியே இல்லாத பலரது எக்ஸ்ரேயிலும் தேய்மானம் தெரியும் என்பதால், அதை மட்டும் வைத்து இயன்முறை மருத்துவர்கள் (பிசியோதெரபிஸ்ட்கள்) சிகிச்சையைத் தீர்மானிப்பதில்லை.

விபத்துக்குப் பின் வந்த வலி, காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்தது, பொத்தான் போடத் தடுமாறும் விரல்கள், நடையில் தள்ளாட்டம் ஆகியவற்றில் ஏதேனும் உண்டா என்றே முதலில் பார்ப்பார்கள். இருந்தால் சிகிச்சையைத் தொடங்காமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கடைசி இரண்டும் தண்டுவடம் அழுத்தப்படுவதால் வரக்கூடியவை.

அதன் பிறகுதான் வகை பிரிப்பது. அமெரிக்க இயன்முறை மருத்துவர்களின் சங்கம் 2008இல் வெளியிட்டு 2017இல் திருத்திய வழிகாட்டுதல், கழுத்து வலியை நான்காகப் பிரிக்கிறது: அசைவு குறைந்தது, கழுத்துத் தசைகளின் ஒத்திசைவு கெட்டது, தலைவலியுடன் வருவது, கைக்குப் பரவுவது. உங்கள் நாத்தனாருடையது நான்காம் வகையாகத் தெரிகிறது. தலையை வலிக்கும் பக்கம் சாய்த்து மெல்ல அழுத்தும்போது கையில் வலி கூடி, தலையை மேல்நோக்கி இழுக்கும்போது அது தணிந்தால், நரம்பு வேர் (தண்டுவடத்திலிருந்து நரம்பு பிரியும் இடம்) நெருக்கப்படுகிறது என்ற ஐயம் வலுப்பெறுகிறது. அத்தகையவருக்கு டிராக்ஷன் பொருந்தும். அதுவும் தனியாக அன்று, பயிற்சிகளோடு சேர்த்துத்தான்.

உங்கள் வலி கைக்கு இறங்கவில்லை. மூன்று மாதங்களையும் கடந்துவிட்டது. இந்த நிலையில் கழுத்து, தோள்பட்டைத் தசைகளை வலுவாக்கும் பயிற்சியே முதன்மையான சிகிச்சை. தேவையானால் கழுத்தையும் மேல்முதுகையும் கையால் அசைத்துவிடுவதும் உதவும். இயந்திரம் எதையும் மாட்டவில்லை என்பதால் அதைக் குறைவானதாகக் கருதுவது நம் ஊரில் பரவலான எண்ணம். அதே எண்ணத்தில் சலூனில் கழுத்தை நெட்டி முறித்துக்கொள்பவர்களும் உண்டு. மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய் அதனால் கிழிய வாய்ப்புண்டு என்பதால், அது வேண்டவே வேண்டாம்.

உங்கள் வேலையைப் பற்றி அவர் விரிவாகக் கேட்டாரா என்று தெரியவில்லை. பீஸ் ரேட்டில் தைப்பவரிடம் அடிக்கடி எழுந்து நடக்கச் சொல்வது எளிது, கூலியை விட்டு எழுவது கடினம். ஆகவே ஸ்டூலின் உயரம், குனிந்திருக்கும் நேரம், ஷிப்ட் நேரம் ஆகியவற்றை நீங்களே சொல்லி, மெஷினில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய பயிற்சிகளைக் கேளுங்கள். சில வாரங்கள் ஒழுங்காகச் செய்தும் மாற்றம் இல்லையென்றாலோ, உங்களுக்கும் கை மரத்துப்போகத் தொடங்கினாலோ, மறுபடி முழுமையாகச் சோதித்துச் சிகிச்சையை மாற்றச் சொல்லலாம்.